பன்னிரண்டாம் வார்டின் பாதிக் கைப்பிடி

கேரள எல்லைக்குள் இருக்கும் ஆவாரம்பதிப் பஞ்சாயத்துக்குப் பதினான்கு மெம்பர்கள். பதினோராம் வார்டு குப்பண்ணனும் அந்தப் பதினான்கில் ஒருவர்தான். ஆனால் அப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவர் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தவர்கள் யாரும் கிடையாது.

அவருடைய பெருமைக்கு வேர் தென்னந்தோப்பு அல்ல. தோப்பு ஊரில் பலருக்கு இருக்கிறது. கருப்பராயன் கோயில் கிடாவெட்டுதான் வேர். நோம்பித் திருவிழாவன்று வெட்டிய கிடாக்களின் கறியைப் பனையோலைப் பாயில் கூறு வைப்பது அவர் குடும்பத்து உரிமை. தராசு கிடையாது, கைதான். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் கொழுப்பு, கடிக்க ஓர் எலும்பு. வைத்து முடிந்ததும் ஒருவர் கறிக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் வாயில் வந்த குடும்பத்தின் பெயரைச் சொல்வார். அவ்வளவுதான், அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. என் கூறு சின்னது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் குப்பண்ணன் மனம் வருந்துவார் என்பதும், அடுத்த வருடம் எலும்பு கூடும் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்த வித்தையைப் பஞ்சாயத்து ஆபீசுக்குள் கொண்டுவந்தவரும் அவரே. சாலைப் பாதுகாப்புக்கென்று வருடா வருடம் ஒதுக்கும் பணத்துக்கு முன்பெல்லாம் பெரிய சண்டை நடக்கும். ஒரு வருடம் தண்ணீர் ஜாடி பறந்தது. இன்னொரு வருடம் சண்டை மார்ச் கடைசி வரை நீண்டு, பணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அப்போதுதான் குப்பண்ணன் எழுந்து, “இதென்னங்க பெரிய வித்தை? கூறு வெச்சாப் போச்சு” என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பணம் பதினான்கு கவர்களில் அனுமதிச் சீட்டாகப் பிரிந்து மேஜை மேல் வரிசையாக உட்காரும். எல்லாக் கவரிலும் ஒரே தொகைதான். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஓவர்சியர் எழுந்து சுவரைப் பார்த்து நிற்பார். குப்பண்ணன் ஒரு கவரைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். ஓவர்சியர் சுவரில் மாட்டியிருக்கும் தலைவர் படத்திடம், “ஒம்பதாம் வார்டு” என்பார். ஒன்பதாம் வார்டு மெம்பர் தனக்கு அதிர்ஷ்டம் அடித்த மாதிரி எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். இதைப் பார்த்த மலையாளத்துக்காரப் பிரசிடென்ட் ஜிபி புல்லரித்துப் போனார். ‘ஆவாரம்பதி மாதிரி’ என்று பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. குப்பண்ணனுக்கு ஒரு பொன்னாடை.

கூறு சமமாக இருந்ததால் பாதுகாப்பும் எல்லா வார்டுக்கும் சமமாகப் போயிற்று. ஒரு வளைவுகூட இல்லாமல் நூல் பிடித்த மாதிரி ரோடு போகும் நாலாம் வார்டுக்கு, வளைவில் வைக்கிற குவிகண்ணாடி ஒன்று வந்தது. அதை டீக்கடைக்கு எதிரே நட்டார்கள். ஆண்கள் அதில் பார்த்துத் தலைசீவிக்கொண்டார்கள். வண்டியே போகாத ஏழாம் வார்டு முட்டுச்சந்தில் ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை நின்றது. கட்டெறும்புகள் அதைக் கடைப்பிடித்தன.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எந்தக் கூறிலும் அடங்கவில்லை.

பதினோராம் வார்டுக்கும் பன்னிரண்டாம் வார்டுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. மேலே ஒரு குறுகிய பாலம். ஒரு பக்கத்துக் கைப்பிடியை வைக்கோல் லாரி இடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபக்கத்தில் இருந்த இரும்பு, பழைய இரும்புக் கடைக்குத் தானாக நடந்து போனதாக ஊரில் பேச்சு. கால்வாய்க்காரர்களைக் கேட்டால், தண்ணீர் எங்களுடையது, மேலே போகும் ரோடு பஞ்சாயத்துடையது என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், கால்வாயின் நடுமத்திதான் வார்டு எல்லை, ஆகவே பாலத்தில் பாதி பதினொன்று, பாதி பன்னிரண்டு. ஒரு கவர் பாதிப் பாலத்துக்குத்தான் போதும்.

பன்னிரண்டாம் வார்டு மெம்பர் மருதாத்தாள் நாலு எருமை வைத்திருப்பவள். தினமும் விடியற்காலையில் ஸ்கூட்டரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் சொசைட்டிக்கு வருவாள். புருஷன் போய் வெகுநாளாயிற்று. மகள் பிரதீபா, சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் அக்ஷயா சென்டரில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள். மருதாத்தாளும் ஒன்றும் முற்றும் துறந்தவள் அல்ல. முதல் வருடக் கவரில் தன் மாட்டுச்சாளைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டவள்தான். கேட்டால், “எருமைக்கும் ஓட்டு இருந்தா அதுக்கும் ஒண்ணு போட்டிருப்பேன்” என்பாள். ஆனால் தேர்தலில் கைப்பிடி கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். தினமும் அதே பாலத்தில் போவதால் அதை மறக்க வசதிப்படவில்லை.

அந்த வருடம் கவர் பிரிப்பதற்குச் சில நாள் முன்பு, வேலந்தாவளம் மாட்டுச்சந்தையில் அவள் குப்பண்ணனைப் பிடித்தாள். அவள் ஒரு எருமைக் கிடாரியை விற்க வந்திருந்தாள். அவர் ஒரு காங்கேயம் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் டிராக்டர் நிற்கிறது. இருந்தாலும் சந்தையில் பல் பார்ப்பது ஒரு கௌரவம்.

“ஏனுங் மாமா, வாங்கறாப்பலயா? இல்ல அதுக்குப் பல்லு வெளக்கி உடறாப்பலயா?”

“மாட்டப் பாக்கறதுக்குக் காசா கேக்கறாங்க அம்மிணி?”

“கேட்டிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்களே.”

காளைக்காரன் சிரித்தான். குப்பண்ணன் காளையின் வாயை மூடினார்.

“ஒரு சமாச்சாரமுங்க” என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “என்ற கவரும் உங்க கவரும் சேத்துனாப் பாலத்துக்கு ரண்டு பக்கமும் கைப்பிடி ஆயிருமாமா. ஓவர்சியர்கிட்டக் கேட்டுட்டனுங்க. உங்க பேரையே போட்டுக்குங்க, எனக்கொண்ணும் வேண்டாம்.”

குப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம். உண்மையில் அவர் யோசித்து முடித்து வெகுநாளாயிற்று. கருப்பராயன் கோயில் முச்சந்தியில் மினி மாஸ்ட் விளக்கு, உயரமான கம்பம், மேலே நாலு பக்கமும் பளீரென்று எரியும் லைட்டு. கம்பத்தின் இடுப்பில் பலகை, பலகையில் அவர் பெயர். நோம்பியன்று பிரசிடென்ட் சுவிட்சைத் தட்ட, ஊரே அண்ணாந்து பார்க்கவேண்டும்.

“கோயில்கிட்ட லைட்டுன்னு வாக்குக் குடுத்துட்டனே அம்மிணி. வெளிச்சமும் பாதுகாப்புத்தான?”

“அங்க ஏற்கெனவே மூணு லைட்டு எரியுதுங்களே. சாமி கண்ணக் கசக்கிட்டு உக்காந்திருக்குது.”

“அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“போன வருசமும் அடுத்த வருசம்னுதானுங்க சொன்னீங்க. அது எந்த வருசமுங்க, எனக்குக் கொஞ்சம் காட்டுங்களே.”

குப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. பதில் இல்லாத நேரத்தில் மனிதனுக்குத் தர்மம் ஞாபகம் வரும். அவருக்கும் வந்தது.

“அப்படியில்ல அம்மிணி. கூறுன்னா கூறு. ஒருத்தன் கூறுல இன்னொருத்தன் கைய உடக்கூடாது. அது மொறையில்ல.”

“நான் உங்க கூறுல கைய உடலீங்களே மாமா. என்ற கூறத்தானுங்க உங்க கையில குடுக்கறேன்.”

முறையும் அதைத் தடுக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்தது. ஒரு கணம், சரி என்று சொல்லிவிட வாய்கூடத் திறந்தது. அந்தக் கணத்தில் அவர் கைப்பிடியை மனக்கண்ணில் பார்த்தார். முழங்கை உயரத்துக்கு ஒரு குழாய். யார் அதை நின்று பார்ப்பார்கள்? விழாதவன் கைப்பிடியைப் பார்ப்பதில்லை. விழுந்தவன் வந்து நன்றி சொல்வதில்லை. விளக்கு என்றால் தமிழ்நாட்டு எல்லையிலிருந்தே தெரியும்.

“யோசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த காளையின் பக்கம் நகர்ந்தார்.

கூட்டத்தில் மருதாத்தாள் எழுந்து அதையே எல்லோர் முன்னிலும் சொன்னாள். பிரசிடென்ட் ஜிபி நல்ல மனிதர். யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. “சேச்சி சொல்றது நல்ல காரியம். ஆனா ஒரு வார்டுக்கு ரெண்டு கவர் சேர்ந்தா, நாளைக்கு மத்தவங்களும் கேட்பாங்கல்லோ” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் குப்பண்ணனைப் பார்த்தார்.

குப்பண்ணன் எழுந்தார். கறியிலிருந்து ஆரம்பித்தார். ஈரல் ஒருவனுக்கு, எலும்பு ஒருவனுக்கு என்று போனால் ஊர் என்ன ஆகும் என்றார். இன்று பாலம், நாளை பள்ளம், மறுநாள் பல்லக்கு என்று கேட்பார்கள் என்றார். பல்லக்கு எதற்கு வந்தது என்று அவருக்கே தெரியாது, எதுகையில் வந்தது. மேஜையைத் தட்டினார்கள்.

மருதாத்தாள் மட்டும் தட்டவில்லை. “செரிங்க. அப்ப என்ற பாதிய நான் கட்டிக்கறேன். மீதிப் பாதியில விழுகறவங்க பதினோராம் வார்டு மெம்பர்கிட்டச் சொல்லிட்டு விழுகட்டும்” என்றாள்.

கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் குப்பண்ணன். தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே சிரிப்பது பெருந்தன்மை என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பிறகு ஓவர்சியர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

சொன்னபடியே அவள் கட்டினாள். ஓவர்சியர் டேப்பைப் பிடித்துக் கால்வாயின் நடுமத்தியை அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டார். பன்னிரண்டாம் வார்டுக் கரையிலிருந்து கிளம்பிய இரண்டு இரும்புக் கைப்பிடிகள், மஞ்சளும் கறுப்புமாகப் பாலத்தின் மேல் வந்து, அந்தக் கோட்டில் சட்டென்று நின்றன. அதற்கு அப்பால் வானமும் தண்ணீரும்தான்.

பாலத்துக்கு ‘அரை டவுசர்’ என்று பெயர் வைத்தவர் குப்பண்ணன். டீக்கடையில் சும்மா சொன்னது. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பஸ் கண்டக்டர்கூட “அரை டவுசரெல்லாம் இறங்கு” என்று கூவினார். அந்த வெற்றி குப்பண்ணனைக் கொஞ்சநாள் நல்ல மனநிலையில் வைத்திருந்தது.

நோம்பியும் வந்தது. மினி மாஸ்ட் எரிந்தது. பிரசிடென்ட் சுவிட்சை மூன்று தடவை தட்டவேண்டியிருந்தது. மூன்று தடவையும் மக்கள் கைதட்டினார்கள். வெளிச்சத்துக்கு வந்த ஈசல்கள் பொங்கல் பானையில் விழுந்தன. குப்பண்ணனின் மனைவி தெய்வாத்தாள் மட்டும், “இந்தக் கருமத்துல கோழி ராத்திரியெல்லாம் பகல்னு நெனச்சுக் கூவுது” என்றாள். அவளுக்கு ரசனை போதாது என்று குப்பண்ணன் விட்டுவிட்டார்.

ஆடி மாதம். மேற்கே நல்ல மழை. கால்வாயில் தண்ணீர் கரையை நக்கிக்கொண்டு போயிற்று.

அன்று காலை குப்பண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, முதல் டீயைச் சூடு போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார். தேங்காய் வேன்காரன் சின்னமுத்து ஓடி வந்தான். உடம்பு முழுக்கச் சேறு. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் சொன்னான். எதிரே வந்த மருதாத்தாள், வேனுக்கு வழிவிட வண்டியை ஓரம் கட்டியிருக்கிறாள். அவன் மெதுவாகத்தான் வந்தானாம். எல்லோரும் ஒதுங்குகிற மாதிரிதான் ஒதுங்கினாளாம். காலை ஊன்றிய இடத்தில் பாலம் இல்லை. அவன் குதித்துத் தேடியும் கேன்தான் கையில் கிடைத்தது.

கடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். குப்பண்ணன் எழவில்லை. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, ஐயோ அல்ல. உசுரு இருக்கா என்றும் அல்ல.

“எந்தப் பாதியில?” என்று கேட்டார்.

ஓட இருந்தவர்கள் நின்று அவரைப் பார்த்தார்கள். சின்னமுத்து தலையைக் குனிந்துகொண்டு, “இந்தப் பாதியிலீங்க” என்றான். அதற்குள் சூடான இரண்டாவது டீ வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

மதகுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

இரங்கல் கூட்டத்தைப் பஞ்சாயத்து சிறப்பாக நடத்தியது என்றுதான் சொல்லவேண்டும். அவள் உட்காரும் நாற்காலிக்கு மாலை போட்டார்கள். பிரசிடென்ட் ஜிபி, ‘தீராத நஷ்டம்’ என்று நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் குரல் தழுதழுத்தது, பொய்யில்லை. ஒரு நிமிட மௌனத்தில் அவருடைய போன் அடித்தது. அவர் அதை அமர்த்தப் போய் ஸ்பீக்கரில் தட்டிவிட, யாரோ ஒருவர் சீமைப்பசுவின் விலையைச் சபைக்குச் சொன்னார். பிறகு வடையும் டீயும்.

டீக்குப் பிறகு தீர்மானம். பாலத்துக்கு மருதாத்தாள் பெயர். இரண்டு பக்கமும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, சிமெண்டுத் தூண் நிறுத்திக் கிரானைட் பதித்து நினைவுக் கைப்பிடி. மீதமிருக்கும் பாதுகாப்புப் பணம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அதற்கே. ஆட்சேபம் உண்டா? இல்லை. பிரசிடென்ட் பேனாவை மூடுவதற்குள் முடிந்துவிட்டது. யாரும் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. கூறு என்ற சொல்லே எழவில்லை. இவ்வளவு சுலபமா இது என்று குப்பண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் செத்தால் போதும் போலிருக்கிறது.

அவர் எழுந்தார். “நான் ஒண்ணு சொல்லோணுமுங்க. சந்தையில அந்தப் புள்ள எங்கிட்டக் கேட்டுச்சு. அதோட கவரையே என்ற கையில குடுக்கறேன்னுச்சு. நாந்தான் லைட்டு வேணும்னு... அது விழுந்தது என்ற பாதியில. தப்பு என்றதுங்க.”

அவர் எதற்கோ காத்து நின்றார். யாராவது ஒருவர், ஆமாம், உன் தப்புத்தான் என்று சொன்னால் நன்றாயிருக்கும். சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

பிரசிடென்ட் ஜிபி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “குப்பண்ணேட்டா, இதல்லவா பெரிய மனசு! யாராவது இப்படிச் சொல்வாங்களா?” என்றார் சபையைப் பார்த்து. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். இரங்கல் கூட்டம் என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நினைவுக் கல்வெட்டில் குப்பண்ணனின் பெயர் பிரசிடென்டுக்கு அடுத்தபடி வரவேண்டும் என்று மூன்றாம் வார்டு மெம்பர் முன்மொழிந்தார். வேண்டாம் வேண்டாம் என்று குப்பண்ணன் இரண்டு கையையும் ஆட்டினார். ஆட்ட ஆட்ட அவர் பெருமை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் எழுத்தின் அளவையும் கூட்டினார்கள்.

குத்தகைக்காரர் வந்து பாலத்தைப் பார்த்தார். இரும்புக் குழாயும் கிரானைட்டும் ஒன்றோடொன்று ஒட்டாது, பழையதைப் பிடுங்கவேண்டும் என்றார்.

அதை முடிவு செய்யக் கூடிய கூட்டத்தில்தான் குப்பண்ணன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு தீர்மானத்தை எதிர்த்தார். “இருக்கறத எதுக்குங்க புடுங்கறீங்க? இல்லாத பாதியக் கட்டுங்க போதும். அது அந்தப் புள்ள கட்டுனது.”

“அது ஒரு பொருத்தமா இருக்காதல்லோ, குப்பண்ணேட்டா” என்றார் ஜிபி பரிவோடு. “ஒரு பக்கம் ராஜா, ஒரு பக்கம் பிச்சைக்காரன் மாதிரி. சேச்சிக்கு நாம செய்யறது அந்தஸ்தா இருக்கணும்.”

“பொருத்தம் பாக்கறதுக்கு அதென்ன கல்யாணமுங்களா? கட்டுற வரைக்குமாச்சும் அது நிக்கட்டுமே. இந்தப் பாதிய முடிச்சுட்டு அப்புறம் அதப் புடுங்குங்க.”

“ரெண்டு தடவை ஆள் வெச்சா ரெண்டு கூலி” என்றார் குத்தகைக்காரர்.

கை தூக்கச் சொன்னார்கள். குப்பண்ணன் பக்கம் ஒரு கைதான் எழுந்தது. அதுவும் அவருடையது. வயசாகிவிட்டது, துக்கத்தில் இருக்கிறார் என்று எல்லோரும் அவரை மன்னித்தார்கள்.

வேலை தொடங்கிற்று. முதலில் பன்னிரண்டாம் வார்டுப் பக்கத்து மஞ்சள் கறுப்புக் குழாய்களைப் பிடுங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பிறகு பதினோராம் வார்டுக் கரையிலிருந்து கட்டிக்கொண்டு போனார்கள். திறப்புவிழா மேடைக்கு இந்தப் பக்கம்தான் தோது. பெரிய மனிதர்களின் கார் திரும்ப இடம் வேண்டுமே. அதனால் இந்தப் பக்கம் முதலில் அழகாகட்டும் என்று பிரசிடென்ட் சொல்லியிருந்தார். நல்ல தூண்கள். தொட்டால் வழுக்கும் கிரானைட். மூலையில் கல்வெட்டுக்கு ஒரு மாடம். ஒவ்வொரு தூணாக நகர்ந்து, பாலத்தின் நடுமத்தி வரை வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டது, இனிப் புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்கக்கூடாது என்றார் செக்ரட்டரி. செய்தவரைக்கும் பில்லைக் கொடு, மீதியைப் பிறகு பார்ப்போம் என்றார் குத்தகைக்காரர். விதி இரண்டுக்கும் குறுக்கே படுத்திருந்தது. மறுநாள் கலவை மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது குப்பண்ணனின் பாதியில், யானை மோதினாலும் அசையாத கைப்பிடி. மருதாத்தாளின் பாதியில் ஒன்றுமே இல்லை. பழைய குழாய் நட்டிருந்த குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கிற்று.

தேர்தல் முடிந்தது. வார்டுகளைப் புதிதாக வெட்டியதில் பாலம் முழுக்க ஒரே வார்டுக்குள் போயிற்று. அந்தப் புது மெம்பர், இது பழைய கமிட்டி தொடங்கிய வேலை, அவர்கள் கணக்கை முடிக்காமல் நான் எப்படித் தொடுவேன் என்றார். அவர் சொன்னதிலும் முறை இருந்தது. ஜிபி மறுபடி ஜெயித்தார்; ‘தீராத நஷ்டம்’ என்பதைத் தேர்தல் மேடைகளிலும் நன்றாகச் சொல்லியிருந்தார். குப்பண்ணன் நிற்கவில்லை. உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல அலைச்சல் என்று கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். அவர் பதில் சொல்வதற்குள் அவர்கள் தெய்வாத்தாள் கொடுத்த மோரைக் குடித்து முடித்திருந்தார்கள்.

புதுக் கமிட்டியைப் பார்க்கப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அவர் சில தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கூறு வைத்த கை என்று இளம் மெம்பர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். பாலம் என்று அவர் ஆரம்பித்தால், “அது பைல் நகந்துட்டிருக்குதுங்க” என்றார்கள். என்ற காசுல ரண்டு மூங்கிலாச்சும் கட்டிக்கட்டுங்களா என்று கேட்டார். தனியாள் பஞ்சாயத்துப் பாலத்தில் கை வைத்தால் கேஸாகும் என்றார்கள். கேஸானாலும் பரவாயில்லை என்று கட்டினார். வைக்கோல் லாரி ஒன்று அதே வாரத்தில் மூங்கிலைக் கொண்டுபோயிற்று.

அதற்குப் பிறகுதான் அவர் பாலத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். பால்காரர்கள் கிளம்பும் நேரத்துக்குப் போய்விடுவார். அவர் பாதியில் அல்ல; கைப்பிடி இல்லாத அந்தப் பாதியின் விளிம்பில். வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, கையில் டார்ச். வேன் வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார். ஸ்கூட்டர்களை நடுவிலே போகச் சொல்லுவார். “ஓரத்துக்குப் போவாத, ஓரத்துக்குப் போவாத” என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்.

ஊருக்கு இது புரிந்துவிட்டது. “பாத்தீங்களா, குப்பண்ணங்க அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே எறங்கிட்டாரு” என்றார்கள் டீக்கடையில். “பழைய ஆளு, வித்தை தெரிஞ்சவரு” என்றார் கடைக்காரர் மரியாதையோடு. சிலர் தாண்டிப் போகும்போது, “உங்களுக்குத்தானுங்க ஓட்டு” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு அனுபவம் இருந்தது.

ஒருநாள் பனி இறங்கிக் கால்வாய் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கரையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் மெதுவாக வந்தது. டார்ச்சை அடித்தார். பிரதீபா. பின்னால் பால் கேன். எருமைகளை விற்க அவளுக்கு மனசு வரவில்லை என்றும், சென்டருக்குப் போகுமுன் அவளே பால் கொண்டுபோகிறாள் என்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார். இத்தனை நாளும் அவள் அவரைப் பார்க்காத மாதிரிதான் போயிருந்தாள்.

அன்று வண்டியை நிறுத்தினாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

“ஏனுங் மாமா, நேத்து மழையிலயும் நின்னீங்களாமா?”

“மழையிலதான அம்மிணி வழுக்கும்.”

“ஓட்டுக்குன்னு சொல்றாங்க.”

“சொல்லட்டும்.”

அவளிடம் சொல்ல அவர் எத்தனையோ தயார் செய்து வைத்திருந்தார். சபையில் சொன்னதையே இன்னும் நன்றாக, கைதட்ட முடியாதபடி சொல்லவேண்டும் என்று. வாயைத் திறந்தார்.

அவள் அவர் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பின் பாதி பாலத்தில் இருந்தது. மீதிக்குக் கீழே பனி.

“மாமா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. வேன் வந்தா மொதல்ல நீங்கதான் விழுவீங்க.”

அவர் ஓரடி உள்ளே வந்தார். அவள் வண்டியை உருட்டிக் கிளப்பி, பாலத்தின் நடுவாக, அவர் சொல்லிச் சொல்லிக் களைத்த அதே நடுவாக ஓட்டிக்கொண்டு போனாள். சிவப்பு விளக்கு கிரானைட் தூண்களுக்கு நடுவே போய், சொசைட்டிப் பக்கத்துக் கரையில் மறையும்வரை பார்த்தார். பிறகு பழையபடி விளிம்புக்கு வந்து நின்றுகொண்டார். அடுத்த வண்டி வரும் சத்தம் கேட்டது.